முகூர்த்தத்துக்கு ஓடிய வேன்

குழந்தைவேல் டிரைவர் சீட்டைத் தூக்கிப் புளியமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அதற்கடியில் இருந்த பெட்ரோல் டாங்கியின் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ராசிபுரத்தில் ஏற்றிய நெய் டின்கள் பின்னால் வெயிலில் உருகிக்கொண்டிருந்தன. ஆண்டகளூர் தாண்டி வண்டி நிற்பது இது மூன்றாவது தடவை. வேன் நன்றாகத்தான் ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இருமும், குலுங்கும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். சண்டை போட்டுவிட்டுத் தானே சமாதானமாகிவிடுகிற மனுஷர்களை அவனுக்குப் பிடிக்காது. வண்டியிலும் அந்தக் குணம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

மேட்டூர் அணை வேலை முடிந்து காண்டிராக்டர்கள் மூட்டை கட்டியபோது அவர்களில் ஒருவர் தலைமுழுகிய வேன் அது. அவருக்கு முன்னால் யார் யாரிடம் இருந்ததோ, ஒரு கதவில் இங்கிலீஷ் எழுத்தும் மறு கதவில் தெலுங்கு எழுத்தும் சுரண்டியும் போகாமல் கிடந்தன. பஸ் ஓட்டிப் பழகிய வித்தையை வைத்துக்கொண்டு குழந்தைவேல் அதில் பிழைத்து வந்தான். கோளாறு வந்தால் சேலத்துக்குக் கொண்டுபோவதில்லை. அங்கே இருப்பவர்கள் சொன்னதை விட்டுவிட்டுச் சொல்லாததைக் கழற்றுவார்கள் என்பது அவன் கட்சி. இந்தக் கோளாறையும் அவனேதான் பார்த்தான். பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினான். பொறி நீலமாகப் பறந்தது. கார்ப்ரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினான், காய்ந்து கிடந்தது. சரி, பெட்ரோல் வந்து சேரவில்லை. குழாயை வாயில் வைத்து ஊதினான். காற்று தாராளமாகப் போனது. டாங்கியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டான். பாதிக்கு மேல் நனைந்து வந்தது. டாங்கியில் இருக்கிறது, குழாயில் அடைப்பில்லை, ஆனாலும் இறங்கி வரமாட்டேன் என்கிறது. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறதோ என்று ஈரத்துணியைச் சுற்றிப் பார்த்தான். துணி காய்ந்ததுதான் மிச்சம்.

எந்தத் தொல்லை வந்தாலும் அவன் மனசு முதலில் வீரபாகுவிடம் போய் நிற்கும். வீரபாகு அவன் தங்கை சௌந்திரத்தைக் கட்டியவன். அதே ராசிபுரத்தில் நாலு தெரு தள்ளிப் பட்டுத் தறி வைத்து நடத்துகிறவன். ஐந்து வருஷம் குடித்தனம் செய்துவிட்டு, பிள்ளை இல்லை என்று, போன ஆடியில் ஒரு மத்தியானம் அவளைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினான். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. தெருவில் நின்றபடியே, நாலு பேர் காதில் விழ, "உங்கூட்டுப் பொருளு. சேதாரமில்லாமக் கொண்டாந்துட்டேனுங்க மச்சான், பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். வாடகைப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிறவன்கூட நின்று இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவான். அப்பா அம்மா போன பிறகு தங்கையை ஒற்றை ஆளாக வளர்த்த குழந்தைவேலுக்கு அன்றைக்கு நாக்கு எழும்பவில்லை. சொல்லாமல் விட்ட பதில் அவன் தொண்டையிலேயே தங்கிவிட்டது. குளிக்கும்போது ஒரு பதில் தோன்றும், வண்டி ஓட்டும்போது அதைவிட நல்லதாக ஒன்று தோன்றும், எல்லாம் காலங்கடந்த பதில்கள். வேன் நிற்க ஆரம்பித்ததும் வீரபாகுதான் டாங்கியில் எதையோ போட்டிருக்கிறான் என்று முடிவுகட்டி, பெட்ரோல் முழுவதையும் வேட்டித்துணியில் வடிகட்டிப் பார்த்தான். ஒரு தூசுகூட இல்லை. அது அவனுக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

புளியமரத்தடியில் காதை வைத்துக் கேட்டது ஒரு புதுச் சந்தேகத்தில். பிளக், கிண்ணம், குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் டாங்கியைத் திறந்து குச்சி விடுகிறான். அதற்கப்புறம் வண்டி கிளம்பிவிடுகிறது. அப்படியானால் அதைக் கிளப்புவது பிளக்கா, குச்சியா? இந்தத் தடவை வேறெதையும் தொடாமல் டாங்கி மூடியைத் திருகினான். உஸ் என்று டாங்கி மூச்சை உள்ளே இழுத்தது. சற்றுப் பொறுத்துக் கைப்பிடியைச் சுற்றினான். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அதன் நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று போகிற வழி அது. அந்தத் துளையின் மேல் கட்டியாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், காய்ந்து கல்லாகியிருந்தது. ஆயுத பூஜையன்று அவன் கையாலேயே வைத்தது. ஸ்டீரிங், விளக்கு, ஹாரன், நாலு சக்கரம் எல்லாவற்றுக்கும் வைத்தவன், டாங்கி மட்டும் என்ன பாவம் செய்தது என்று சீட்டைத் தூக்கி அதற்கும் வைத்திருக்கிறான். காற்றுப் போக வழியில்லாத டாங்கி பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறந்தால் விட்டுவிடுகிறது. குழந்தைவேல் நடுரோட்டில் தனியாகச் சிரித்தான். நகத்தால் சுரண்டித் துடைத்து மூடிவிட்டு நாமக்கல் போய் நெய்யை இறக்கினான். வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

அந்த வாரமே சென்னிமலை வந்தார். வீரபாகுவின் பெரியப்பா. வெற்றிலை போட்டுக்கொண்டு, வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கித்தான் ஆரம்பித்தார்.

"நம்ம பையனுக்கு நாமக்கல்ல பொண்ணு முடிவாயிருச்சு சாமி. கார்த்திகைல முகூர்த்தம். ரெண்டாந்தாரமுங்கறதால பொண்ணூட்டுலயே வெச்சுக்கறாங்க. சனம் போய் வர ஒரு வண்டி வேணும். இந்த ஊருல உன்ற வேன உட்டா வேற ஏது?"

குழந்தைவேல் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உன்னையக் கேக்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்குது. மறைக்கறதுக்கு என்ன? மொதத் தாரத்தூட்டுல மனத்தாங்கல் ஏதாச்சும் இருக்குதான்னு பொண்ணூட்டுக்காரங்க கேக்கறாங்க. கூடப்பொறந்தவனே வண்டி ஓட்டிக்கிட்டு வாரான்னா அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கள்ளமே இல்லை. ஒரு சிக்கலை எளிதாக அவிழ்த்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. தங்கையைத் தள்ளிவைத்ததற்கு அண்ணனையே சாட்சி சொல்ல வைக்கிறோம் என்பது அந்த மனுஷருக்கு உறைக்கவே இல்லை. குழந்தைவேலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலின் நடுவிலேயே, உஸ் என்று டாங்கி மூச்சிழுத்த சத்தமும் காதில் கேட்டது. அவன் நிதானமாகச் சொன்னான்.

"அதுக்கென்னங்க மாமா, வாரேன். நானே ஓட்டிக்கிட்டு வாரேன்."

வீட்டில் சௌந்திரம் குழித்தறியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா போனதிலிருந்து சும்மா கிடந்த தறி. வந்த மாசமே தூசி தட்டி, பாவு பூட்டி உட்கார்ந்துவிட்டாள். பொம்பளை தறியில் உட்காருகிறாள் என்று தெருவில் பேசினார்கள். பிறகு அவள் நெய்த சேலையைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை நிறுத்தினார்கள். சென்னிமலை வந்து போனதை அவன் சொன்னான். தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடா ஒரு பக்கம் நின்றது.

"அந்தப் புள்ள பேரு என்னங்கண்ணா?"

"வசந்தாமணியாம்."

"சின்னப் புள்ளையா?"

"எனக்கெப்படித் தெரியும்? நீ அதப் பத்தியெல்லாம் ரோசன பண்ணாத கண்ணு."

அவள் மறுபடி நாடாவை எறிந்தாள். முகம் தெரியாதபடி குனிந்திருந்தாள். அழுகிறாள் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். அவளிடம் கேட்கவில்லை. பழி வாங்கப் போகிறவனுக்கு அந்த நினைப்பே போதுமானதாக இருந்தது.

முகூர்த்தத்துக்கு முன்னால் நெய் ஏற்றிப் போகிற சாக்கில் அவன் ஒத்திகை பார்த்தான். மூடியின் துளையைச் சந்தனத்தால் அடைத்துவிட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தான். டாங்கி பாதி காலியாக இருந்தால் உள்ளே காற்று நிறைய. வண்டி வெகுதூரம் ஓடும். டாங்கி வழிய வழிய நிரம்பியிருந்தால் ஒரு பர்லாங்கு, இரண்டு பர்லாங்கில் நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி அதே அளவு ஓடும், மறுபடி நிற்கும். இதில்தான் சூட்சுமம் இருப்பதை அவன் கண்டுகொண்டான். ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டியை விட்டு ஜனங்கள் இறங்கி நடந்துவிடுவார்கள். ஓடி ஓடி நிற்கிற வண்டியை விட்டு எவனும் இறங்கமாட்டான். இதோ கிளம்பிவிட்டது, இதோ போய்விடலாம் என்று உட்கார்ந்தே இருப்பான்.

கல்யாணத்தன்று கோழி கூப்பிடக் கிளம்பினார்கள். வேனுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டிருந்தது. வீரபாகு பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக முன் சீட்டில் குழந்தைவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் அவன் அம்மா முத்தாயம்மாள், சென்னிமலை, இடித்துப் பிடித்துக்கொண்டு சொந்தபந்தம். புதுச்சத்திரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வண்டியை நிறுத்தியபோது வீரபாகு சந்தனக் கிண்ணத்தை எடுத்து நீட்டினான்.

"எடுத்துக்கோங்க மச்சான். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

"ஒண்ணுமில்லீங்க மாப்ளே" என்று குழந்தைவேல் விரல் நிறைய வழித்து எடுத்துக்கொண்டான். நெற்றியில் கொஞ்சம் இட்டான். எல்லோரும் இறங்கிக் காலாற நின்ற நேரத்தில் சீட்டைத் தூக்கி, பெட்ரோல் பார்க்கிறவனாகக் குச்சியை விட்டு எடுத்து, டின்னில் கொண்டுவந்த பெட்ரோலை விளிம்புவரை ஊற்றினான். மிச்சச் சந்தனம் முழுவதையும் மூடியின் துளையில் அழுத்தித் தேய்த்து இறுக்கி மூடினான். டாங்கி வழிய நிரம்பியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சந்தனம், அவர்கள் காரியத்துக்கே போகட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

ஊர் எல்லை மறைந்து, இரண்டு பக்கமும் சோளத்தட்டு அறுத்த காடு தவிர ஒன்றுமில்லாத இடத்தில் வண்டி இருமியது. நின்றது. குழந்தைவேல் இறங்கி, பானெட்டைத் தூக்கி, பிளக்கைக் கழற்றித் துடைத்தான். கிண்ணத்தைக் கழற்றினான். குழாயை ஊதினான். முன்பு தெரியாமல் செய்த அத்தனையையும் இப்போது தெரிந்தே, ஒன்று விடாமல், அதே வரிசையில் செய்தான். கடைசியில் சீட்டைத் தூக்கிக் குச்சி விட்டான். கைப்பிடியைச் சுற்றினான். கிளம்பியதும் வண்டிக்குள் ஒரு பெருமூச்சு எழுந்தது. அடுத்த வாய்க்கால் பாலத்தில் மறுபடி நின்றது. வெயில் ஏறியது. வாலிபர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தள்ளினார்கள். தூரத்தில் நாமக்கல் மலை வெள்ளையாகத் தெரிந்தது. அதன் அடிவாரத்தில்தான் பந்தல். நடந்துவிடலாமா என்று யாராவது வாயைத் திறக்கிற சமயமாகப் பார்த்து வண்டி கிளம்பும். எல்லோரும் ஓடி வந்து ஏறிக்கொள்வார்கள். வீரபாகுவின் பட்டு வேட்டியில் கிரீஸ் பட்டது. அதை அவன் கசக்கிக் கசக்கித் துடைப்பதைக் குழந்தைவேல் ஓரக்கண்ணால் பார்த்தான். வாழ்க்கையில் அவன் அப்படிச் சந்தோஷமாக வண்டி ஓட்டியதில்லை.

எத்தனையாவது தடவையோ நின்றபோது முத்தாயம்மாள் முந்தானையைக் கிழித்து ஒரு காசை முடிந்தாள்.

"இது வண்டிக் கோளாறு இல்லீடா சாமி. ஒருத்தி கண்ணீரு குறுக்க நிக்குது. மாரியாத்தா பாத்துக்கிட்டே இருக்கறா."

பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள விவகாரத்தில் மாரியாத்தாளை இழுக்கிறார்களே என்று குழந்தைவேலுக்குச் சிரிப்பு வந்தது. பானெட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டான்.

பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் எப்போதோ கடந்திருந்தது. பெண்ணின் அப்பா வாசலில் நின்று கையைக் கூப்பினார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. மணையில் உட்கார்ந்த பெண்ணைத் தாலி இல்லாமல் எழுப்பக்கூடாது என்று, பந்தி பரிமாற வந்திருந்த அத்தை மகனைப் பிடித்து உட்காரவைத்துக் கட்டச் சொல்லிவிட்டார்கள். கூட்டத்துக்கு நடுவில் மாலையோடு ஒரு சின்ன உருவம் தெரிந்தது. குனிந்த தலை மட்டும்தான் குழந்தைவேல் கண்ணில் பட்டது. திரும்பி வருகிற வழியில் சீட்டைத் தூக்கிச் சந்தனத்தைத் துடைத்துப் போட்டான். வண்டி மூச்சுவிடாமல் ராசிபுரம் வந்து சேர்ந்தது. அது இன்னும் பெரிய அற்புதமாகிவிட்டது. போகும்போது நிறுத்தியவள் வரும்போது விட்டுவிட்டாள் என்று ஊரெல்லாம் பேசினார்கள்.

அந்தப் பேச்சுத்தான் அவன் காலைச் சுற்றியது. அடுத்த வாரம் ஒரு காலையில் சென்னிமலை முன்னால் வர, முத்தாயம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, வீரபாகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைசியில் வந்தான். தெருச் சனம் முழுவதும் கூட வந்தது. தட்டில் தேங்காய், வாழைப்பழம், ஒரு கட்டு வெற்றிலை, மடித்த பட்டுச் சேலை. வாசலில் தட்டைத் தரையில் வைத்தார்கள்.

"ஆத்தாளே குறுக்க நின்னு நிறுத்திப்போட்டா குழந்தைவேலு" என்றார் சென்னிமலை. அவர் கண் கலங்கியிருந்தது. "சௌந்திரம் இருக்கற எடத்துல இன்னொருத்தி வரக்கூடாதுன்னு சொல்லிப்போட்டா. எங்களுக்குப் புத்தி வந்துருச்சு. புள்ளைய அனுப்பி வையி சாமி."

குழந்தைவேலுக்குத் தலையில் அடித்தது போல இருந்தது. உள்ளே தறிச் சத்தம் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் நின்றதும்தான், போன ஆடியிலிருந்து இந்த வீட்டில் அது எவ்வளவு ஒழுங்காகக் கேட்டு வந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. தறிக்கு முன்னால் அவள் அழுது அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. அழுவதாக நினைத்துக்கொண்டது அவன்தான். இப்போது சாமி பேரைச் சொல்லி வந்து நிற்கிறார்கள். ஊர் கூடி நிற்கிறது. சாமி சேர்த்து வைத்ததை மாட்டேன் என்று சொல்ல எந்தப் பெண்ணால் முடியும்? சாமி இல்லை, நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள். அதற்கப்புறம் அவன் வேனில் ஒரு குருவி ஏறாது, நாமக்கல்லிலிருந்து அருவாளோடு ஆள் வரும். அவன் வாயைத் திறந்தான். வீரபாகு தெருவில் நின்ற அந்த ஆடி மத்தியானத்தைப் போலவே இன்றைக்கும் நாக்கு எழும்பவில்லை.

சௌந்திரம் வெளியே வந்தாள். விரல்களில் பட்டு நூல் பிசிறு ஒட்டியிருந்தது. தட்டையே பார்த்தாள்.

"இந்தச் சீல அந்தப் புள்ளைக்கு எடுத்த கூறையுங்களா?"

"புதுசுதான் ஆத்தா" என்றாள் முத்தாயம்மாள். "மடிப்புக் கலையல. ஒருத்தரும் கட்டல."

சௌந்திரம் சென்னிமலை பக்கம் திரும்பினாள். "மாமா, ஆத்தா வண்டிய நிறுத்துனது நெசந்தானுங்களா?"

"எல்லாருமே கண்ணால பாத்தமே சாமி."

"அப்படீனா அது எனக்காக இல்லீங்க." அவள் குரல் உயரவில்லை. "இவரு ஊட்டுல அஞ்சு வருசம் இருந்தேன். அப்ப ஒரு நாளும் ஆத்தா வந்து குறுக்க நிக்கல. அந்தப் புள்ள இந்த ஊட்டுக்கு வந்து சேரக்கூடாதுன்னுதான் நிறுத்தியிருக்கறா. அவளக் காப்பாத்துன ஆத்தா, என்னையத் திருப்பி அனுப்பச் சொல்லுவாளுங்களா?"

பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வீரபாகுவைப் பார்த்தார்கள். தெய்வமே பெண் கொடுக்க விடாத வீடு. இந்த வார்த்தை மத்தியான பஸ்ஸில் ஏறிச் சேலம் போய்ச் சேரும். இனி எந்த ஊரிலும் எந்த அப்பனும் அவனுக்குப் பெண் கொடுக்கமாட்டான். டாங்கியும் சந்தனமும் இல்லாமல், நின்ற இடத்தில் நின்றபடி, தங்கை அவனை முடித்துவிட்டாள். அவள் உள்ளே போகத் திரும்பும்போது அண்ணனை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. சற்றுநேரத்தில் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

வீரபாகுவின் முகம் வெளுத்திருந்தது. முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, கெஞ்சுகிற மாதிரிக் கேட்டான்.

"மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க. அன்னைக்கு வண்டிக்கு என்னதான் ஆச்சு?"

எத்தனையோ பதில்களைக் குளிக்கும்போதும் ஓட்டும்போதும் சேர்த்து வைத்திருந்த குழந்தைவேல், அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"எல்லாத்தையும் கழட்டிப் பாத்தேனுங்க மாப்ளே. ஒரு சாமானும் கெட்டுப்போகல."

கூட்டம் மெல்லக் கலைந்தது. கொண்டுவந்த தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனால் வீட்டுக்கு ஆகாது என்று முத்தாயம்மாள் அதைத் தொடவில்லை. வேண்டாத தட்டைக் குழந்தைவேலும் தொடவில்லை. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் அது கிடந்தது. எதிர்வீட்டு ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து வெற்றிலைக் கட்டில் வாயை வைத்தது. முத்தாயம்மாள் விரட்டக் கையைத் தூக்கினாள், பிறகு இறக்கிக்கொண்டாள். வெற்றிலையை முடித்துவிட்டு ஆடு சேலையின் முந்தியைக் கடித்து மெதுவாக இழுத்தது. ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்து அரக்குக் கரை மண்ணில் நீண்டது. வீரபாகு அதைப் பார்த்துக்கொண்டு தெருவிலேயே நின்றான். குழந்தைவேலும் நின்றான்.